தோட்டத்துக்கு எத்தனை யூனிட் மண்?

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு கிடைக்கும் என்பது ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும், 2023 ஆம் ஆண்டில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு புல்தரை அமைத்தபோது, இந்த எளிய பெருக்கலை நம்பி ஏமாந்து போனேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பாடப்புத்தகத்தில் அதிகம் இடம்பெறாத கொஞ்சம் இயற்பியல் அந்த ஏமாற்றத்துக்குள் இருக்கிறது.

இடம் 40 அடி நீளம், 25 அடி அகலம். ஆக 1000 சதுர அடி. சுற்றிலும் செங்கல் விளிம்பு கட்டியாகிவிட்டது. உள்ளே இருந்ததோ, கட்டட வேலையின்போது லாரிகள் ஏறி இறங்கி இறுகிப் போன தரை. சிமெண்டுக் கட்டிகளும் உடைந்த ஜல்லியும் கலந்து கிடந்தன. அதில் அருகம்புல்கூட வேர்விடத் தயங்கும். கட்டிகளைப் பொறுக்கிவிட்டு, தரையைக் கொத்திவிட்டு, அதன்மேல் நல்ல செம்மண்ணைச் செங்கல் விளிம்புக்குச் சமமாக நிரப்ப வேண்டும். எவ்வளவு மண் வாங்குவது என்று கணக்கிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நம் பக்கத்தில் மண், மணல், ஜல்லி எல்லாமே 'யூனிட்' கணக்கில்தான் விலை பேசப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மெட்ரிக் அளவில் ஏறத்தாழ 2.83 கன மீட்டர். 'ஒரு லோடு' என்று சொன்னால் மட்டும் பேரத்தை முடித்துவிடாதீர்கள். வண்டிக்கு வண்டி லோடு மாறும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வண்டியின் பெட்டியை உட்புறமாக அளந்துவிடுவது நல்லது. எங்களுக்கு வந்த டிப்பரின் பெட்டி 12 அடி நீளம், 6½ அடி அகலம். மண் நிரம்பியிருந்த உயரம் 2½ அடி. பெருக்கிப் பாருங்கள்: 195 கன அடி. இரண்டு யூனிட் என்று அவர்கள் சொன்னது பெரிய பொய்யல்ல.

அடுத்தது ஆழம். இங்கேதான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். விளிம்போரம் ஓர் இடத்தில் கோலை ஊன்றிப் பார்த்துவிட்டு, 'அரை அடி' என்று முடிவு கட்டிவிடுவார்கள். தரை எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. நாங்கள் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தைக் கொண்டு விளிம்பைச் சரிபார்த்து, எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையே நூல் கட்டினோம். இடத்தை நான்கு சமக் கட்டங்களாகப் பிரித்தால் மூலைகள், விளிம்புகளின் நடுக்கள், மையம் என்று ஒன்பது புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் நூலிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தோம். முதல் வரிசையில் 4, 5, 4 அங்குலம். நடு வரிசையில் 6, 8, 7. கடைசி வரிசையில் 5, 6, 4.

ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் 5.44 அங்குலம் வரும். அது சரியான சராசரி அல்ல. மூலைப் புள்ளி ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் சொந்தம். விளிம்பின் நடுப்புள்ளி இரண்டு கட்டங்களுக்குப் பொது. மையப் புள்ளியோ நான்கு கட்டங்களுக்கும் பொது. ஆகவே மூலை அளவுகளை 1 ஆலும், விளிம்பு அளவுகளை 2 ஆலும், மைய அளவை 4 ஆலும் பெருக்கிக் கூட்டி, மொத்தத்தை 16 ஆல் வகுக்க வேண்டும். மூலைகள் 17, விளிம்புகள் 24 இன் இருமடங்கு, அதாவது 48, மையம் 32. மொத்தம் 97, பதினாறால் வகுத்தால் 6.06 அங்குலம். கணித மாணவர்கள் இதில் தங்கள் சரிவக விதியை அடையாளம் கண்டுகொள்வார்கள். இரண்டு சராசரிகளுக்கும் இடையிலான வேறுபாடு அரை அங்குலத்துக்குச் சற்றே அதிகம்; ஆனால் 1000 சதுர அடியில் அது அரை யூனிட் மண்!

எனக்கு ஒரே பெருமை. 6 அங்குலம், அதாவது ½ அடி, 1000 ஐ ½ ஆல் பெருக்க 500 கன அடி, ஐந்து யூனிட். காகிதத்தில் எழுதித் தோட்டக்காரப் பெரியவரிடம் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவேயில்லை.

"அஞ்சு பத்தாதுங்க சார். ஆறு வேணுங்க. ஆறுல ஒண்ணை மழை தின்னுபோடுமுங்க."

நான் சிரித்துக்கொண்டேன். ஐந்து யூனிட்டே வந்தது. ஆவணிக் கடைசியில் பரப்பினோம். செங்கல் விளிம்புக்குச் சமமாக, பலகை வைத்து இழுத்தாற்போல் அமைந்தது. என் கணக்கு அப்பழுக்கில்லாமல் பலித்துவிட்டது என்றே நினைத்தேன். புல்லும் நட்டாயிற்று. பிறகு ஐப்பசி மழை வந்தது. கார்த்திகையில் பார்த்தால் மண் இறங்கிப் போயிருந்தது. அதுவும் ஒரே சீராக அல்ல. விளிம்பில் முக்கால் அங்குலத்துக்கும் குறைவாக, நடுவில் ஒன்றேகால் அங்குலத்துக்கும் அதிகமாக. தட்டையாக விட்ட தரை ஒரு பெரிய தாம்பாளம் போல் குழிந்து, நடுவில் தண்ணீர் தேங்கி நின்றது. அந்த இடத்துப் புல் அழுகிப் போயிற்று.

மழை எதையும் தின்னவில்லை. மண் ஓடியும் போகவில்லை. செங்கல் விளிம்புதான் இருக்கிறதே! மண்ணின் நிறை அப்படியேதான் இருந்தது. குறைந்தது கன அளவு மட்டுமே.

நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது தெரியும். நெல்லையும் அரிசியையும் படியால் அளந்த காலத்தில், வாங்குபவர் படியைக் குலுக்கித் தட்டி அளக்கச் சொல்வார். விற்பவர் மெல்லச் சொரிந்து தலைதட்டி அளக்கவே விரும்புவார். படி ஒன்றுதான், உள்ளே போகும் அரிசி வேறு. இருவர் சண்டையும் அரிசியைப் பற்றியது அல்ல, அரிசிகளுக்கு இடையே இருக்கும் காற்றைப் பற்றியது.

மண்ணில் இந்தக் காற்றின் பங்கு நாம் நினைப்பதைவிட மிக அதிகம். மண்ணின் கனிமத் துகள்களில் பெரும்பங்கு குவார்ட்ஸ் போன்றவை. அவற்றின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.65 கிராம். ஆனால் தோட்டத்தில் படிந்து கிடக்கும் மண்ணை இடைவெளிகளோடு சேர்த்து அளந்து, காயவைத்து நிறுத்தால், கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் அளவில்தான் இருக்கும். இதைப் பரும அடர்த்தி என்பார்கள். 1.32 ஐ 2.65 ஆல் வகுத்தால் ஏறக்குறைய ½. அதாவது நம் காலடியில் இருக்கும் நல்ல மண்ணில் பாதி, மண்ணே அல்ல! அந்தப் பாதியில்தான் நீரும் காற்றும் இருக்கின்றன. வேர்கள் நுழைவதும் அதன் வழியாகத்தான்.

பொக்லைன் இயந்திரம் வாரி, லாரியில் கொட்டி, மறுபடி இறக்கிய மண்ணில் இடைவெளி இன்னும் அதிகம். கட்டியும் கட்டியும் முட்டிக்கொண்டு, நடுவே குகைகளை வைத்துக்கொண்டு நிற்கும். அப்போது பரும அடர்த்தி 1.1 அளவுக்கு இறங்கிவிடும். மழை பெய்ததும் கட்டிகள் ஊறிக் கரைகின்றன; நுண்ணிய துகள்கள் நீரோடு இறங்கிப் பெரிய இடைவெளிகளை அடைக்கின்றன; மேல் மண்ணின் எடை கீழ் மண்ணை அழுத்துகிறது. சில வாரங்களில் மண் தன் பழைய அடர்த்தியை நோக்கித் திரும்புகிறது. நிறை மாறாததால், கன அளவையும் பரும அடர்த்தியையும் பெருக்கி வரும் தொகை முன்பும் பின்பும் ஒன்றே. 500 கன அடியை 1.1 ஆல் பெருக்கி 1.32 ஆல் வகுத்தால் 417 கன அடி. 1000 சதுர அடியில் அது 5 அங்குல உயரம். ஆறு அங்குலம் ஐந்தாயிற்று. ஆறில் ஒன்று! பெரியவர் அடர்த்தி எதையும் அளக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக மண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தாம்பாளம் ஆனதற்கும் இதுவே காரணம். எங்கும் ஆறில் ஒரு பங்கு இறங்குகிறது என்றால், 4 அங்குலம் இருந்த மூலையில் அது ⅔ அங்குலம். 8 அங்குலம் இருந்த மையத்தில் 1⅓ அங்குலம். ஆழம் எங்கே அதிகமோ அங்கே இறக்கமும் அதிகம்.

இதே கணக்கை என் மாணவர்களிடம் கொடுத்தேன். "மண் ஆறில் ஒரு பங்கு இறங்கும். கடைசியில் 500 கன அடி நிற்க வேண்டும். எவ்வளவு வாங்க வேண்டும்?" பெரும்பாலோர் 500 உடன் அதில் ஆறில் ஒன்றைக் கூட்டி 583 என்றார்கள். தவறு. 583 இல் ஆறில் ஒன்று இறங்கினால் மிஞ்சுவது 486 தான். வாங்குவதில் ஆறில் ஐந்து பங்கு நிற்க வேண்டுமாதலால், 500 ஐ 5/6 ஆல் வகுக்க வேண்டும், விடை 600. இறங்குவது ஆறில் ஒன்று. கூட்ட வேண்டியதோ ஐந்தில் ஒன்று. கடையில் தள்ளுபடியும் வட்டியும் கணக்கிடும்போதும் இதே இடத்தில்தான் நாம் வழுக்குகிறோம்.

எல்லா மண்ணுக்கும் இந்த ஆறில் ஒன்று பொருந்தாது. மணற்பாங்கான மண் இறங்குவது குறைவாக இருக்கலாம். கட்டியாக வெட்டிவந்த களிமண் இன்னும் அதிகம் இறங்கலாம். உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம். அடியும் மூடியும் நீக்கிய ஒரு பழைய தகர டப்பா போதும். நல்ல மண்ணாகப் பல காலம் படிந்து கிடக்கும் ஒரு தோட்டத்தில் அதை நேராக அழுத்தி இறக்கி, சுற்றிலும் தோண்டி, மண் உதிராமல் எடுத்து, இரு முனைகளையும் கத்தியால் சமமாகச் சீவுங்கள். அதே டப்பாவை ஒரு தட்டில் நிறுத்தி, லாரியில் வந்த மண்ணை அழுத்தாமல் சொரிந்து தலைதட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியே காகிதத்தில் பரப்பி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எங்கள் டப்பாவில் படிந்த மண் 1243 கிராம். சொரிந்த மண் 1036 கிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.2. தேவைப்படும் கன அளவை இந்த எண்ணால் பெருக்கினால் வாங்க வேண்டிய அளவு வந்துவிடும். டப்பாவின் கன அளவு தெரிய வேண்டியதே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் ஒன்றேயாதலால் அது கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

நிரப்பும் முறையிலும் ஒரு சொல். மொத்த மண்ணையும் ஒரே மூச்சில் கொட்டாமல், மூன்று அங்குலம் பரப்பி, நன்றாக நீர் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கைப் பரப்பினால் இறக்கத்தின் பெரும்பகுதி நம் கண் முன்னாலேயே நடந்துவிடும். திமிசு போட்டு இடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். இடித்தால் கட்டடத்துக்கு நல்லது, புல்லுக்கு அல்ல. வேர் போகும் அந்தப் பாதி இடத்தை நாமே அடைத்துவிடுவோம்.

மண்ணோடு மணலும் கலப்பதுண்டு. மணலை வாங்கும்போது இதைவிட விந்தையான ஒரு செய்தி காத்திருக்கிறது. மண் நனைந்தால் இறங்குகிறது என்று பார்த்தோம். காய்ந்த மணலில் சிறிது ஈரம் சேர்த்துக் கிளறிப் பாருங்கள், அது உப்பும்! நுண்மணலில் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் சேர்ந்தாலே கன அளவு கால் பங்கும், சில வேளைகளில் அதற்கு மேலும் பெருகிவிடும். ஒவ்வொரு மணியையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. அதன் பரப்பு இழுவிசை மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. ஒட்டிக்கொண்ட மணி நழுவிப் பள்ளத்தில் விழ முடியாது. எங்கே முட்டியதோ அங்கேயே நின்றுவிடும். கடற்கரையில் குழந்தைகள் ஈரமணலில் கோபுரம் கட்ட முடிவதும் இதனால்தான். மேலும் நீர் ஊற்றி இடைவெளிகளை முழுவதும் நிரப்பிவிட்டால் படலம் என்பதே இல்லாமல் போகிறது. மணிகள் விடுபட்டுச் சரிந்து, மணல் ஏறக்குறையக் காய்ந்த மணலின் கன அளவுக்கே திரும்புகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2386 இன் மூன்றாம் பகுதி (1963) கூறுகிறது. ஒரு கண்ணாடிக் குடுவையில் ஈரமணலை மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குத் தளர்வாக நிரப்பி, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணலை வெளியே கொட்டி, குடுவையில் பாதி நீர் ஊற்றி, அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குச்சியால் கிளறிப் படியவிடுங்கள். முதலில் 12 செ.மீ. இருந்தது இப்போது 9.6 செ.மீ. ஆகியிருந்தால், மணல் 25 சதவீதம் உப்பியிருந்தது என்று பொருள். அப்படிப்பட்ட ஒரு யூனிட் மணலில் உள்ளே இருப்பது 80 கன அடியே. யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. காலைப் பனி போதும்.

கலவையில் இன்னொரு கழிவும் உண்டு. ஒரு படி கொண்டைக்கடலையோடு ஒரு படி கடுகைக் கலந்தால் இரண்டு படி வராது. கடுகு கடலையின் சந்துகளில் புகுந்துகொள்ளும். கட்டி மண்ணோடு மணலையும் மட்கிய எருவையும் கலக்கும்போதும் அப்படித்தான். எருவுக்கு மேலும் ஒரு குணம்: அது நாளடைவில் மட்கிக் கரைந்துகொண்டே போகும். மண்ணை வளப்படுத்த அது வேண்டும். பள்ளத்தை நிரப்ப அதை நம்பக்கூடாது.

கன அளவில் இத்தனை சிக்கல் இருப்பதால் எடைக்கு வாங்கிவிடலாமா என்றால், அதிலும் ஒரு பொறி. எங்களுக்குத் தேவையான 600 கன அடி மண், உலர்ந்த நிலையில் 18.7 டன். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஈரம் இருந்தால் எடைமேடையில் இன்னும் 2.8 டன் கூடும். கன அளவுக்கு வாங்கினால் காற்றுக்கும், எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். நான் காற்றையே தேர்ந்தெடுப்பேன். டப்பாவைக் கொண்டு அதை அளந்துவிடலாம்.

எடை என்றதும், மொட்டைமாடியில் மண் கொட்டிப் புல் வளர்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. 15 செ.மீ. உயரம் படிந்த மண்ணின் இடைவெளிகள் மழையில் முழுவதும் நிரம்பினால் பரும அடர்த்தி 1.82 ஆகும், ஒரு சதுர மீட்டரில் 273 கிலோ. மனிதர் ஏறி நடமாடும் தட்டைக் கூரைக்கு, ஐ.எஸ். 875 இன் இரண்டாம் பகுதி (1987) கணக்கில் கொள்ளச் சொல்லும் மேற்சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. மழைநாளில் அந்தப் புல்தரை, கூரைக்கென ஒதுக்கிய சுமையைப் போல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் மாடிக்கு மண் ஏற்ற வேண்டாம். தொட்டிகளும் தென்னை நார்க்கழிவும் எடை குறைந்தவை.

எங்கள் புல்தரைக்குத் திரும்புவோம். தாம்பாளத்தை நிரப்ப இன்னும் 83 கன அடி படிந்த மண் வேண்டும். 1.2 ஆல் பெருக்கினால் 100 கன அடி. பெரியவர் சொன்ன ஆறாவது யூனிட்! வாங்கிவிடலாம் என்று முன்பு மண் கொண்டுவந்த டிரைவரைக் கூப்பிட்டேன். அந்த மண் எங்கிருந்து வந்தது என்று பேச்சுவாக்கில் கேட்டதில், வீட்டுமனை போடுவதற்காக விற்ற ஒரு காட்டிலிருந்து என்றார். போன ஆண்டு வரை அங்கே சோளம் விதைத்திருந்தார்களாம்.

அன்றிரவு இன்னொரு பெருக்கல் மனத்தில் ஓடியது. நிறை மாறாது என்ற விதி லாரியின் இரு முனைகளிலும் செல்லும். எங்கள் 1000 சதுர அடியில் அரை அடி மேல்மண் சேர வேண்டுமானால், எங்கோ 1000 சதுர அடி நிலம் தன் அரை அடி மேல்மண்ணை இழக்க வேண்டும். தோட்டம் எத்தனை சதுர அடியோ, ஏறக்குறைய அத்தனை சதுர அடி வயல் வெறுமையாகிறது. எருவும் நுண்ணுயிரும் நிறைந்து பயிரைத் தாங்குவது அந்த மேல் அரை அடிதான். அதில் ஓர் அங்குலம் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். மனையாகப் போகும் நிலமென்றால் அந்த மண் கட்டடத்தின் அடியில் புதைவதைவிட எங்கள் புல்லுக்கு வந்தது மேல் என்று வாதிக்கலாம். எல்லா லோடும் அப்படிப்பட்ட நிலத்திலிருந்தே வருகிறது என்று சொல்ல முடியுமா? மிகையாக ஒரு யூனிட் சொல்லிவிட்டு, மிஞ்சினால் மூலையில் கிடக்கட்டும் என்று விடுவதற்கு அதன்பிறகு எனக்கு மனம் வரவில்லை.

ஆறாவது யூனிட்டை வாங்கவில்லை. எங்கள் வளாகத்திலேயே அப்போது மாணவர்களின் வண்டிகளை நிறுத்த ஒரு கொட்டகை கட்டத் தொடங்கியிருந்தார்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் மேல் அரை அடி மண்ணை மட்டும் தனியே வழித்து ஒதுக்கித் தரும்படி மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டோம். பொதுவாக மேல்மண்ணும் அடிமண்ணும் ஒன்றாகக் கலந்து வெளியே போய்விடும். அங்கே ஆள் நடமாட்டத்தில் மண் நன்றாக இறுகி, பரும அடர்த்தி 1.5 அளவில் இருந்ததால், 150 சதுர அடிப் பரப்பை வழித்ததே எங்களுக்குப் போதுமானதாயிற்று. தை மாதத்தில் அதைச் சலித்து, நடுவில் கூடுதலாகவும் ஓரங்களில் குறைவாகவும், இரண்டு அடுக்காக நீர்விட்டுப் பரப்பினோம். எங்கே எவ்வளவு என்று நான் காகிதத்தில் குறித்துக் கொடுத்தேன். பெரியவர் இந்த முறை அதை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, மையத்தில் என் கணக்குக்கு மேல் ஒரு கூடை மண்ணைப் போட்டார்.